ஆங்கில 'கெட்' நம் 'கிடை'யிலிருந்து வந்ததா? அதற்கு ஏன் இத்தனை பொருள்?

உங்கள் கேள்வியை இப்படிச் சுருக்கிக்கொள்கிறேன். 'கெட்' என்றால் என்ன என்று மகள் கேட்டிருக்கிறாள். அகராதியைத் திறந்தால் பெறு, வாங்கு, போய்ச்சேர், ஆகு, புரிந்துகொள் என்று போய்க்கொண்டே இருக்கிறது. இதற்கு நடுவில் ஒருவர், 'அது நம்ம "கிடை"தான், இங்கிருந்து போனது' என்று சொல்லிவிட்டார். அது உண்மையா என்கிறீர்கள். பார்த்தால் இரண்டு கேள்வி. எனக்கென்னவோ ஒன்றாகத்தான் தெரிகிறது: ஒன்றோடொன்று ஒட்டாத இத்தனை பொருளை ஒரே சொல்லுக்குள் கட்டிவைத்திருப்பது எது?

இருபது வருடத்துக்கு மேலாக ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துப் பிழைக்கிறேன். நடுவில் சில வருடம் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். மொழியியல் முறையாகப் படித்ததுண்டு. ஆனாலும் பழைய நார்ஸ் மொழியை (ஒரு காலத்தில் ஸ்காண்டிநேவியாவில் பேசியது) அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கும் ஆள்தான் நான். அதனால் எது உறுதி, எதில் அறிஞர்களுக்குள்ளேயே வழக்கு இருக்கிறது என்பதை ஆங்காங்கே சொல்லிக்கொண்டு போகிறேன்.

'கிடை' விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். தொடர்பு இல்லை. ஒலி ஒற்றுமை கண்ணில் படுகிறதே என்றால், அந்த ஒற்றுமை இன்றைய 'கெட்'டோடுதான். அதன் பழைய வடிவத்தை எடுத்தால் ஒற்றுமை கலைந்துவிடும். ஆங்கிலம், ஜெர்மன், நார்ஸ் எல்லாம் சேர்ந்த ஜெர்மானியக் குடும்பத்தில் மெய்யெழுத்துகள் ஒரு காலத்தில் வரிசையாக இடம் மாறின. யாக்கோப் கிரிம் 1822இல் வகுத்துச் சொன்ன விதி இது. ஆமாம், தம்பியோடு சேர்ந்து நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த அதே கிரிம்தான். 'பாடு' என்பதில் வரும் மெல்லோசை டகரம், ஜெர்மானிய மொழிகளில் 'பாட்டு' என்பதில் வரும் வல்லோசை டகரமாக மாறியது. காலுக்கு லத்தீனில் 'பெட்' என்று ஒரு வேர். அதன் கடைசியில் 'பாடு' டகரம். ஆங்கிலத்தில் அதுவே 'ஃபுட்', கடைசியில் 'பாட்டு' டகரம். அதேபோல லத்தீனில் ஹகரம் நிற்கும் இடத்தில் ஜெர்மானியத்தில் ககரம் நிற்கும்: லத்தீன் 'ஹாஸ்டிஸ்', ஆங்கிலம் 'கெஸ்ட்'. இந்த இரண்டு விதியையும் 'கெட்'டின் மேல் போட்டுப் பாருங்கள். லத்தீனில் அதன் பங்காளியாக வரவேண்டியது 'ஹெண்ட்' மாதிரி ஒன்று. அது இருக்கவும் இருக்கிறது: 'ப்ரெஹெண்டெரெ', கையால் பற்றுதல். 'காம்ப்ரிஹெண்ட்', 'அப்ரிஹெண்ட்' எல்லாம் அதன் பிள்ளைகள். பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்த 'ப்ரிஸன்', 'சர்ப்ரைஸ்', 'அப்ரெண்டிஸ்' ஆகியவையும் அதே வீட்டுக்காரர்கள்தான். சிறை என்பது பிடித்துவைத்தல், 'அப்ரெண்டிஸ்' என்பவர் தொழிலைப் பற்றிக்கொள்ள வந்தவர். இந்தக் குடும்பம் முழுவதற்கும் வேர்ப்பொருள் பற்றுதல், கைப்பற்றுதல்.

'கிடை'யின் குணம் இதற்கு நேரெதிர். தானே அருகில் வருவது, கைக்கு எட்டுவது. 'எனக்கு வேலை கிடைத்தது' என்கிறோம். எழுவாய் வேலை, நான் நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறேன். பொருள் தானாக வந்து சேர்கிறது, நான் கையை நீட்டியதாகப் பேச்சே இல்லை. 'கெட்' பாய்ந்து பிடிக்கும் சொல். 'கிடை' வந்து விழும் சொல். ஒலி மட்டும் ஒத்துப்போவதை வைத்து உறவு கொண்டாடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

சரி, 'கெட்' ஆங்கிலத்துக்கு எப்படி வந்தது? வந்த சொல்தான் அது. பழைய ஆங்கிலத்தில் இந்த வேர் தனியாகப் புழங்கியதாகப் பெரிதாகத் தெரியவில்லை, முன்னொட்டோடு சேர்ந்தே காணப்படுகிறது. அடைதல் என்று ஒன்று, மறத்தல் என்று ஒன்று, உணர்தல் என்று ஒன்று. முன்னொட்டு இல்லாத தனி வினை வடக்கிலிருந்து கப்பலில் வந்தது. 793இல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைக் கொள்ளையடித்த வைக்கிங் கடலோடிகள், 865இல் பெரும்படையாக வந்து இறங்கி, கிழக்கிலும் வடக்கிலும் குடியேறிவிட்டார்கள். 1016இல் டென்மார்க்கின் கனூட் இங்கிலாந்துக்கே அரசன் ஆனான். சண்டை போட்டவர்கள் பிறகு பக்கத்து வீட்டுக்காரர்களாகி, பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். அவர்கள் பேசிய நார்ஸ் மொழியின் 'கெட்டா' என்ற வினைதான் 1200ஐ ஒட்டி ஆங்கில எழுத்தில் 'கெட்' ஆகத் தலைகாட்டுகிறது. இதுவரை சொன்னதில் அறிஞர்களுக்குள் பெரிய தகராறு இல்லை.

இது நார்ஸ் சரக்குத்தான் என்று எப்படித் தெரியும்? சொல்லின் முதல் எழுத்தே காட்டிக்கொடுக்கிறது. பழைய ஆங்கிலத்தில் எகரம், இகரம் போன்ற முன்னுயிர்களுக்கு முன்னால் ககரம் யகரமாக இளகிவிடும். உள்ளூர்ச் சொல்லாகவே வளர்ந்திருந்தால் இன்று 'யெட்' என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். 'ஃபர்கெட்'கூட ஒரு காலத்தில் 'ஃபர்யெட்' என்றுதான் ஒலித்தது. நார்ஸ் 'கெட்' வந்து உட்கார்ந்த பிறகே அதற்கும் ககரம் திரும்பியது. இந்த இளக்கம் தமிழருக்குப் புதிதில்லை. கன்னடத்தில் 'கிவி', தமிழில் 'செவி'. கன்னடத்தில் 'கெம்பு', தமிழில் 'செம்மை', 'சிவப்பு'. அங்கே ககரம் அப்படியே நிற்க, இங்கே சகரமாக இளகியிருக்கிறது. நார்ஸுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையில் நடந்ததும் இதே மாதிரியான கதை. (நாவை வளைத்துச் சொல்லும் டகர, ளகரங்கள் அடுத்து வந்தால் தமிழில் இந்த இளக்கம் நடப்பதில்லை. 'கிளி'யும் 'கிடை'யும் ககரத்தோடு தப்பித்தது அதனால்தான்.)

இந்த வேறுபாடு சாதாரண மக்களை எப்படிப் படுத்தியது என்பதற்கு அச்சுக்கலைஞர் வில்லியம் காக்ஸ்டன் 1490இல் எழுதிய ஒரு முன்னுரையில் ஒரு காட்சி இருக்கிறது. தேம்ஸ் ஆற்றில் கப்பல் ஏறிய வணிகர்கள் காற்று இல்லாததால் வழியில் தங்க நேர்கிறது. கரையில் இருந்த வீட்டில் ஒருவர் முட்டை கேட்கிறார், 'எக்ஸ்' என்று. அந்த வீட்டம்மா, 'எனக்கு பிரெஞ்சு தெரியாது' என்கிறாள். அவருக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் அவருக்கும் பிரெஞ்சு தெரியாது. கூட இருந்த இன்னொருவர் 'ஐரன்' என்று கேட்ட பிறகே அவளுக்குப் புரிகிறது. 'எக்' நார்ஸ் வழி வந்தது, ககரம் கெட்டியாக நிற்கும். 'ஐரன்' உள்ளூர்ப் பன்மை, ககரம் யகரமாகக் கரைந்துபோனது. இனி எதைத்தான் எழுதுவது என்று காக்ஸ்டன் புலம்புகிறார். கடைசியில் 'எக்' ஜெயித்தது போலவே 'கெட்'டும் ஜெயித்தது.

இப்போது பொருளுக்கு வருவோம். 'கெட்டா'வின் அடிப்படை அடைதல், பெறுதல். கூடவே பிள்ளை பெறுதல் என்ற பொருளும் இருந்தது. இங்கே தமிழர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம், ஏனென்றால் 'பெறு' அச்சு அசலாக இதையே செய்கிறது. பரிசும் பெறலாம், பிள்ளையும் பெறலாம். 'பெற்றோர்' என்ற சொல்லே அப்படி வந்ததுதான். ஆங்கிலத்தில் இந்தப் பொருள் 'பிகெட்' என்ற வடிவத்தில் தங்கிவிட்டது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில் மத்தேயுவின் தொடக்கத்தில் வரும் வம்ச வரிசையில் ஒவ்வொரு தந்தையும் மகனை 'பிகேட்' செய்கிறார். தமிழ் விவிலியத்தில் அதே இடத்தில் 'ஆபிரகாம் ஈசாக்கைப் பெற்றான்' என்று இருக்கும். ஆண் எப்படிப் பெறுவான் என்று சிறுவயதில் சிரித்திருக்கிறேன். மொழிபெயர்ப்பாளன் ஆன பிறகுதான் அந்த இடத்தில் 'பெறு' எவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தது. 'பிகாட்டன்' என்று வரும் இடத்துக்கு 'ஒரேபேறான' என்று போட்டார்களே, அந்தப் 'பேறு'ம் 'பெறு'வின் பிள்ளைதான். இதனால் 'கெட்'டுக்கும் 'பெறு'வுக்கும் உறவு என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். ஒன்று கைக்கு வருவதையும் பிள்ளை மடிக்கு வருவதையும் ஒரே கண்ணால் பார்த்த இரண்டு மொழிகள், அவ்வளவுதான்.

'ஃபர்கெட்' எனக்குப் பிடித்த உறவுக்காரர். அதிலுள்ள 'ஃபர்' என்ற முன்னொட்டு விலகலையும் இழப்பையும் குறிக்கும். ஆகவே மறத்தல் என்றால் பற்றியிருந்த பிடி நழுவுதல். 'கெஸ்', அதாவது ஊகித்தல், இதே வேரிலிருந்து வந்ததாக இருக்கலாம். நார்ஸ் 'கெட்டா'வுக்கே ஊகித்தல் என்ற பொருளும் உண்டு, விடுகதைக்கு ஐஸ்லாந்து மொழியில் இன்றும் 'கௌட்டா' என்று இதே குடும்பச் சொல்தான். ஆனாலும் ஆங்கில 'கெஸ்' எந்தக் கதவு வழியாக உள்ளே வந்தது என்பதில் அகராதிகள் 'பெரும்பாலும்' என்ற சொல்லைப் போட்டே எழுதுகின்றன. நானும் அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இனி, அந்த ஒரு சொல் எப்படி இத்தனை வேலைக்குப் போனது? மொழிபெயர்க்கும்போது ஒரு வரி வந்து நிற்கும்: 'டிட் யூ கெட் இட்?' நான்கே சொல். கடிதத்தைப் பற்றி என்றால் 'வந்ததா?' கடைக்குப் போனவரிடம் என்றால் 'வாங்கினாயா?' நகைச்சுவை சொன்ன பிறகு என்றால் 'புரிந்ததா?' வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல் என்றால் 'உனக்கும் தொற்றிவிட்டதா?' தமிழில் நான்கு வினை. ஆங்கிலத்தில் ஒன்றே போதுமானதாக இருக்கிறது, ஏனென்றால் 'கெட்' காலப்போக்கில் 'எப்படி' என்பதைக் கைவிட்டுவிட்டது. விலை கொடுத்தா, கெஞ்சியா, தானாக வந்ததா என்று அது சொல்வதில்லை. முன்னால் இல்லை, இப்போது இருக்கிறது; அந்தக் கோட்டைத் தாண்டிய கணத்தை மட்டும் சொல்கிறது. தாண்டுவது பொருளாக இருந்தால் பெறுதல். இடமாக இருந்தால் போய்ச்சேருதல். நிலையாக இருந்தால் ஆகுதல், 'கெட் ஓல்ட்', 'கெட் ஆங்ரி' என்பது போல. பொருளும் இடமும் முதலில் வந்தன, நிலை பின்னால் வந்தது. 'ஆகு' என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் தெளிவாகத் தெரிகிறது.

'புரிந்துகொள்' என்ற பொருள் இன்னும் புதியது, 19ஆம் நூற்றாண்டு முடிந்து 20ஆம் நூற்றாண்டு தொடங்கும் சமயத்தில் பேச்சு வழக்காக வந்தது. இதில் ஒரு வேடிக்கை. பழைய ஆங்கிலத்தில் இதே வேரோடு 'ஆன்' சேர்ந்த ஒரு வினைக்கு உணர்தல், புரிந்துகொள்ளுதல் என்றுதான் பொருள். அது செத்துப்போய்ப் பல நூற்றாண்டு கழித்து, அந்தச் செய்தியே தெரியாத தலைமுறை அதே வேரை அதே பொருளுக்குத் திரும்பக் கொண்டுவந்தது. லத்தீன்காரரும் பற்றுவதிலிருந்துதான் 'காம்ப்ரிஹெண்ட்' செய்தார்கள். நாம்? 'கணக்கு இன்னும் பிடிபடவில்லை' என்கிறோம். அறிவைக் கையாக நினைப்பது எந்த மொழிக்கும் தனிச்சொத்து இல்லை போலிருக்கிறது.

'ஐ ஹேவ் காட் எ புக்' என்பதுதான் மாணவர்களை அதிகம் குழப்பும். 'காட்' இறந்தகாலமாயிற்றே, இப்போது என்னிடம் புத்தகம் இருக்கிறது என்று எப்படிப் பொருள் வருகிறது? இதற்கு நான் வகுப்பில் சொன்ன பதில் ஒன்றுதான்: 'புத்தகம் வைத்திருக்கிறேன்' என்கிறீர்களே, அதைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். வைத்து, இருக்கிறேன். வைத்தது முடிந்துபோன செயல், அதன் பலன் இப்போதும் நிற்கிறது, அதனால் உடைமை. ஆங்கிலக்காரர் பெற்று இருக்கிறார், அதனால் அவரிடம் இருக்கிறது. உடைமையைக் காட்டும் இந்த 'ஹேவ் காட்' 16ஆம் நூற்றாண்டின் கடைசியை ஒட்டியது. அதன் வாலில் 'டு' சேர்ந்து 'செய்தே ஆகவேண்டும்' என்ற கட்டாயப் பொருள் வந்தது 19ஆம் நூற்றாண்டில். அதைத்தான் இப்போது வாய்க்குள் மென்று 'காட்டா' என்கிறார்கள்.

'காட்டன்' பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்கர்கள் 'ஹேவ் காட்டன்' என்றால் அது தப்பான ஆங்கிலம் என்று நம்மில் பலர் முகம் சுளிப்பார்கள். பழைய வடிவமே அதுதான். இங்கிலாந்து அதைக் கைவிட்டது, கடல் தாண்டிப் போனவர்கள் வைத்துக்கொண்டார்கள். 'ஃபர்காட்டன்' என்று சொல்லும்போது எந்த இங்கிலாந்துக்காரரும் முகம் சுளிப்பதில்லை. அமெரிக்கருக்கு இதில் ஒரு வசதியும் உண்டு: 'ஹேவ் காட்' என்றால் இருக்கிறது, 'ஹேவ் காட்டன்' என்றால் வாங்கியாயிற்று அல்லது ஆகிவிட்டது.

கடைசியாக, எனக்கு இன்னும் அலுக்காத ஓர் இடம்: 'ஹி காட் ஃபையர்ட்'. 'வாஸ் ஃபையர்ட்' என்றாலும் வேலையிலிருந்து நீக்கப்பட்டார் என்றுதான் பொருள். ஆனால் 'காட்' போட்டால் அது அவர் தலையில் வந்து விடிந்தது என்ற தொனி ஏறிவிடும். சில சமயம் அவரும் அதற்குக் கொஞ்சம் காரணம் என்ற சாடையும் இருக்கும். இந்தச் செயப்பாட்டு 'கெட்' 17ஆம் நூற்றாண்டில் தலைகாட்டியது. எங்கிருந்து வளர்ந்தது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. 'தன்னைத்தானே அப்படி ஆக்கிக்கொண்டான்' என்ற அமைப்பிலிருந்து நடுச்சொல் உதிர்ந்து வந்தது என்பார் ஒரு சாரார். 'ஆகு' என்ற பொருள் நீண்டு இப்படி ஆனது என்பார் இன்னொரு சாரார். எனக்கு இரண்டாவது பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு; அது என் சாய்வு மட்டுமே.

தமிழில் இதற்கு இணை தேடினால் ஒன்றுக்கு இரண்டு இருக்கிறது. 'நீக்கப்பட்டார்' என்பதில் 'படு'. 'நூல் வெளியிடப்பெற்றது', 'விழா நடத்தப்பெற்றது' என்பதில் 'பெறு'. இரண்டும் செயப்பாட்டுவினைதான், ஆனால் 'படு' வரும் எல்லா இடத்திலும் 'பெறு'வைப் போட்டால் காது ஒப்புக்கொள்ளாது. அடிபட்டான், துன்பப்பட்டான், அவதிப்பட்டான் என்று தலையில் விழுவதெல்லாம் பெரும்பாலும் 'படு'வின் பக்கம். புகழ்பெற்றார், நலம்பெற்றார், ஓய்வுபெற்றார் என்று மதிப்பாக வருவதெல்லாம் 'பெறு'வின் பக்கம். 'கைதுசெய்யப்பெற்றார்' என்று எழுதிப் பாருங்கள், கைதானவருக்குப் பொன்னாடை போர்த்தியது போல இருக்கும். ஆங்கிலத்தில் 'பெறு'வுக்கு நிகரான சொல்லே 'படு'வின் வேலைக்கும் போய், நல்லது கெட்டது இரண்டையும் சுமக்கிறது. பதவி உயர்வு வந்தாலும் 'காட்', பல் உடைந்தாலும் 'காட்'. மொழிபெயர்ப்பில் இங்கே கண்ணை மூடிக்கொண்டு ஒரே சொல்லைப் போட்டால் வாசகர் சிரித்துவிடுவார்.

அப்புறம், 'கெட்' கைக்குக் கை மாறினால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஐஸ்லாந்தில் இன்று 'யெக் கெட்' என்றால் 'என்னால் முடியும்' என்று பொருள்; அடைதலிலிருந்து இயலுதலுக்குப் போய்விட்டது. இங்கிலாந்தில் பிள்ளை என்ற பொருளில் இருந்த 'கெட்' வடக்கத்தி வழக்கில் அப்பன் பெயர் தெரியாத பிள்ளையைக் குறித்து, அங்கிருந்து 'கிட்' என்று திரிந்து, இன்று ஒரு வசவு.

மகளுக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டாம். 'கெட்' வரும் வாக்கியத்தைப் பார்த்தால், 'முன்னால் இல்லாத எது இப்போது வந்து சேர்ந்தது?' என்று ஒரே கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள். 'கெட் ஹோம்' என்றால் வந்து சேர்ந்தது வீடு. 'கெட் வெட்' என்றால் ஈரம். 'கெட் தி ஜோக்' என்றால் அர்த்தம். 'கெட் ஹிம் டு சிங்' என்றால் அவன் பாடுவது, அதாவது பாடவைத்தல். 'கெட் அப்' மாதிரி ஒட்டுச்சொல்லோடு வருபவற்றிலும் பாதிக்கு மேல் இந்தக் கேள்வி வேலை செய்யும். மீதியை மனப்பாடம்தான் செய்யவேண்டும், நானும் அப்படித்தான் செய்தேன். 'ஐ ஹேவ் காட் டு கோ'வில் மட்டும் இந்தக் கேள்வியைப் போட வேண்டாம். அங்கே எதுவும் வந்து சேராது, கிளம்ப வேண்டியதுதான்.